ஊதாக் கோடு

மருத்துவமனைக்கு எதிரே இருந்த இலவச விடுதியில் இடம் கிடைக்க இரண்டே வழிகள்தான். உள்ளே இருப்பவர் யாராவது பிழைத்துப் போக வேண்டும்; இல்லாவிட்டால் செத்துப் போக வேண்டும். எது நடந்தாலும் வெளியே காத்திருக்கிறவர்களுக்குச் சந்தோஷம் ஒன்றுதான். பிழைத்தவர் போனால் கையை ஆட்டி வழியனுப்புவார்கள். செத்தவர் போனால் மூக்கைச் சிந்துவார்கள். கை ஆடும்போதும் மூக்கைச் சிந்தும்போதும் கண் மட்டும் மாடி ஜன்னலில் இருக்கும். எந்த அறை காலி?

காத்திருக்கிற இடம் மருத்துவமனைக் கக்கூசை ஒட்டிய தகரக் கொட்டகை. ஒரு காலத்தில் சைக்கிள் நிறுத்தக் கட்டியது. இப்போது அங்கே அட்டைப்பெட்டியைப் பிரித்துப் போட்டுக் குடும்பம் குடும்பமாகக் கிடந்தார்கள். வாந்தி எடுக்கிறவர்கள் ஓரத்திலும், எடுக்காதவர்கள் நடுவிலும் படுப்பது என்று அவர்களுக்குள்ளே ஓர் ஏற்பாடு. சுமைக்காரனும் அவன் பெண்டாட்டியும் ஓரத்தில் இருந்தார்கள்.

ஊரில் அவன் தானிய மண்டியில் மூட்டை தூக்குகிறவன். கழுத்துக்குக் கீழே முதுகில் காய்த்துப்போன மேடு ஒன்று உண்டு. சட்டை போட்டாலும் தெரியும். அவளும் அதே மண்டியில் சிந்தின தானியத்தைக் கூட்டிப் புடைக்கிறவள். வாய்க்காரி. மண்டி முதலாளியே அவள் கூட்டுகிற பக்கம் வந்தால் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டுதான் தாண்டுவார் என்று பேச்சு. அவளுக்கு இடது மார்பை எடுத்தாயிற்று. இனி ஊசி. ஊசி என்றால் குத்திவிட்டு எடுப்பதல்ல. காலையில் நாற்காலியில் சாய்த்தால் பொழுது சாயும்வரை சொட்டுச் சொட்டாக ஏறும். ஏற்றி முடித்ததும் எழுப்பி அனுப்பிவிடுவார்கள். அடுத்த ஊசிவரை எங்கே இருப்பது என்பது அவரவர் பாடு. ஊருக்கு ரயிலில் போய் வரும் உடம்பா அது?

ஒரு தடவை அவளுக்குக் காய்ச்சல் கண்டு, ஊசியைத் தள்ளிப் போட்டார்கள். சின்ன வயது டாக்டரம்மா அவனைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னாள். ஊசி போடுகிற உடம்பில் கிருமியை எதிர்க்கத் தெம்பு இருக்காது. இன்னொரு தடவை காய்ச்சல் வந்தால் ஊசியை நிறுத்தவேண்டி வரும். நிறுத்தினால் அப்புறம் கேட்காதீர்கள். சுத்தமான இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

அவன் கொட்டகைக்குத் திரும்பி வந்து சுற்றிலும் பார்த்தான். ஈ, கக்கூஸ் வாடை, பக்கத்தில் எச்சில் துப்பின டப்பா. சுத்தமான இடம் எதிரே தெரிந்தது. வெள்ளையடித்த மாடி, கொசுவலை கட்டின ஜன்னல்கள், கொடியில் காயும் வெள்ளைப் படுக்கை விரிப்புகள். நடுவில் ஒரு தெருதான். அந்தத் தெருவைத் தாண்டத்தான் அவனுக்கு வழி தெரியவில்லை.

விடுதியை நடத்தியவரை எல்லாரும் ஹெட்மாஸ்டர் என்றார்கள். நிஜமாகவே ஒரு பள்ளியில் ஹெட்மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். யாரோ பணக்காரர் தாயார் நினைவாகக் கட்டிக்கொடுத்த கட்டடத்தைச் சம்பளம் வாங்காமல் பார்த்துக்கொண்டார். குரலை உயர்த்தமாட்டார். பிச்சை கேட்டு வருகிறவனையும் “வாங்க” என்பார். “போங்க” என்பதையும் அதே மரியாதையோடு சொல்வார். அவர் வைத்திருந்த சட்டம் ஒன்றே ஒன்று. வைத்தியம் நடக்கும்வரைக்கும்தான் கட்டில். வைத்தியம் முடிந்தாலும் சரி, டாக்டர்கள் கைவிரித்துவிட்டாலும் சரி, மறுநாள் காலி செய்துவிட வேண்டும். பிழைக்கப் போகிறவருக்கு வேண்டிய கட்டிலில் போகப் போகிறவர் படுத்திருக்கக் கூடாது என்பார். கேட்கிறவர்கள் தலையாட்டுவார்கள். நியாயமாகத்தான் படும், தன் வீட்டு ஆளுக்கு வரும்வரை.

சுமைக்காரன் அவருக்கு மூட்டை தூக்கினான். விடுதிச் சமையலறைக்கு வரும் அரிசி, காஸ் சிலிண்டர், தண்ணீர்க் கேன் எல்லாம் அவன் முதுகில்தான் இறங்கின. கூலி கேட்கவில்லை. ஹெட்மாஸ்டரும் கொடுக்கவில்லை. அடுத்த கட்டில் உங்களுக்குத்தான் என்று மட்டும் சொல்லியிருந்தார். அவர் சொன்னால் சொன்னதுதான். ஆனால் அந்த அடுத்த கட்டில் வந்தபாடில்லை. உள்ளே இருப்பவர்கள் எல்லாரும் பேசிவைத்துக்கொண்டதுபோல் பிழைக்கவும் இல்லை, சாகவும் இல்லை.

மாடி நடு அறையில் ஒரு கண்டக்டர் இருந்தார். தொண்டையில் கட்டி. பஸ் முழுக்கக் கேட்கும்படி கத்திக் கத்தி வேலை பார்த்தவருக்கு இப்போது குரல் போய், பங்க்சரான ட்யூப் மாதிரி காற்றுத்தான் வந்தது. கழுத்தில் பெரிய கட்டு. அதற்குப் பக்கத்தில், காதடியிலிருந்து தோள் எலும்புவரை ஊதா மையில் கோடுகள், நடுவில் ஒரு பெருக்கல் குறி. கதிர் வைத்தியத்துக்கு அங்கே எல்லாரும் கரண்ட் என்றுதான் சொல்வார்கள். கரண்ட் வைக்கும் முன்னால் மிஷின்காரர்கள் அளந்து உடம்பில் இப்படிக் கோடு போட்டு அனுப்புவார்கள். அந்தக் கோட்டுக்குள்தான் கரண்ட் பாயும். தினமும் தேய்த்துக் குளித்தால் நாளடைவில் கோடு அழியும், அழிந்தால் மறுபடி அளக்க வேண்டும், நாள் கெடும். அதனால் கரண்ட் வைக்கிறவர்கள் அந்த இடத்தில் தண்ணீர் படாமல் கட்டிக் காப்பாற்றுவார்கள். ஹெட்மாஸ்டருக்கும் அதுதான் அடையாளம். மருத்துவமனை வளாகத்தின் மறுகோடியில் இருக்கும் ஊசி, கரண்ட் பிரிவுகளுக்குக் காலையில் எல்லாரும் வேன் ஏறும்போது வாசலில் நின்று, ஊசிக்காரர்களின் கையில் பிளாஸ்திரியையும் கரண்ட்காரர்களின் உடம்பில் கோட்டையும் ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் உள்ளே போவார்.

கண்டக்டருக்குப் படி இறங்கத் தெம்பு இல்லாமல் போனபோது, அரிசி இறக்க வந்த சுமைக்காரனை அவர் பெண்டாட்டி கூப்பிட்டாள். தம்பி, இவரை வேனுக்குக் கொண்டுபோய் விடுவியா என்றாள். அவன் முதுகைக் கொடுத்தான். ஒரு மூட்டை கனம்கூட இல்லை. அன்றிலிருந்து தினமும் அது நடந்தது. கண்டக்டர் முதுகில் ஏறியதும் அவன் தோளில் இரண்டு தட்டுத் தட்டுவார். போலாம். படி திரும்புகிற இடத்தில் அவருக்கு மூச்சு வாங்கும். ஒரு தட்டு. நிறுத்து. அவன் சுவரோரம் நின்றுகொள்வான். மூச்சு வந்ததும் மறுபடி இரண்டு தட்டு. பஸ் பக்கவாட்டுத் தகரத்தைத் தட்டிப் பழகின கை. குரல் போனபிறகும் கை உத்தியோகத்தை விடவில்லை.

அதற்குப் பதிலாகக் கண்டக்டர் பெண்டாட்டி அவர்களுக்குச் செய்தது கொஞ்சமல்ல. ஹெட்மாஸ்டர் குளிக்கப் போயிருக்கிற நேரம் பார்த்து, சுமைக்காரன் பெண்டாட்டியைப் பின்கதவு வழியாகக் கூட்டிப்போய் வெந்நீரில் குளிக்க வைப்பாள். பிளாஸ்கில் வெந்நீர் பிடித்துக் கொடுப்பாள். முடி கொட்டிய தலைக்குத் தன் பழைய சேலையைக் கிழித்துக் கட்டிவிட்டாள். அக்கா அக்கா என்று இவளும் ஒட்டிக்கொண்டாள்.

ஒருநாள் வேனில் உட்கார வைக்கும்போது, கண்டக்டர் தன் கழுத்துக் கோட்டைத் தொட்டுக் காட்டி, காற்றுக் குரலில் சிரித்துக்கொண்டே சொன்னார்.

“டிக்கெட் தம்பி. இது இருக்குற வரைக்கும் எவனும் நம்மள இறக்கிவிட முடியாது.”

சுமைக்காரனும் சிரித்தான்.

கறையைக் கண்டுபிடித்தது அவன் பெண்டாட்டிதான். வெயில் கொளுத்தின ஒரு காலையில் கண்டக்டரைத் தூக்கிப் போய்விட்டு வந்து, தோள் துண்டை உதறிப் போட்டான். அதில் ஊதாவாக ஒரு தீற்றல். அவள் அதைக் குழாயடிக்கு எடுத்துப் போனாள். ஒரே அலசலில் போய்விட்டது. தண்ணீர் ஊதாவாக ஓடுவதைப் பார்த்தபடி அப்படியே குந்தியிருந்தாள். பிறகு எழுந்து வந்து, பக்கத்து அட்டையில் படுத்திருந்த பெயின்டரை எழுப்பினாள். பெயின்டருக்குக் கரண்ட் வைத்து முடித்து மாதமாகிறது. அவர் சட்டைக் காலரில் இன்னும் ஊதாக் கறை இருந்தது. இது எதுக்கும் போகலையா என்று கேட்டாள். எனக்குத் தெரியாத சாயமா, மண்ணெண்ணெய், டர்பன்டைன் எல்லாம் போட்டுத் தேய்த்தாயிற்று, சட்டை கிழியுமே தவிர கறை போகாது என்றார் பெயின்டர். அவள் ஈரத்துண்டைக் கொண்டுவந்து புருஷன் மடியில் போட்டாள்.

“இது பசங்க படம் வரையிற பேனா. அவ தினம் காலையில அவர் கழுத்துல வரைஞ்சு கூட்டிட்டு வர்றா.”

அவனுக்குப் புரிய நேரம் பிடித்தது. புரிந்தபிறகும், எதுக்கு வரையணும் என்று கேட்டான். அவள் தலையில் அடித்துக்கொண்டாள். கரண்ட் நிறுத்தியாயிற்று, டாக்டர் கைவிரித்தாயிற்று, சட்டப்படி எப்போதோ காலி செய்திருக்க வேண்டிய கட்டிலில் புருஷனும் பெண்டாட்டியும் படம் வரைந்து படுத்திருக்கிறார்கள். நாம் இங்கே மூத்திர வாடையில் கிடக்கிறோம். இதற்கு நீ தினமும் அவரைத் தூக்கிவேறு சுமக்கிறாய்.

டிக்கெட் என்று அவர் சிரித்தது அவன் ஞாபகத்துக்கு வந்தது. டிக்கெட் இல்லாமல் ஏறினவர்களை வாழ்நாள் பூராவும் கழுத்தைப் பிடித்து இறக்கிவிட்ட மனுஷன். எவ்வளவு கூசாமல் சிரித்தார் என்று நினைத்தான். நினைத்தாலும் வாய் வேறு சொன்னது.

“அந்தக்கா நமக்கு வெந்நீர் குடுத்துச்சுடி.”

“வெந்நீர் குடுத்தா. கட்டிலைக் குடுத்தாளா?”

அவள் குரலைத் தணித்துக்கொண்டாள். தணிந்த குரலில் பேசினால்தான் அவளுக்கு அவன் பயப்படுவான்.

“அவரு எப்படியும் போறவரு. நான் இருக்கணும்னு பாக்குறவ. கட்டில் யாருக்குன்னு நீயே சொல்லு.”

அவன் மறுநாளும் போய்க் கண்டக்டரைத் தூக்கினான். அவர் இரண்டு தட்டுத் தட்டினார். இந்தத் தடவை அவன் கண் கோட்டின் மேலேயே இருந்தது. பார்த்துப் பார்த்துப் போட்ட கோடு. பெருக்கல் குறியின் ஒரு கால் மட்டும் கொஞ்சம் நீளம். படி திரும்புகிற இடத்தில் நின்றபோது, பின்னால் வந்த கண்டக்டர் பெண்டாட்டி முந்தானையால் அவர் கழுத்து வியர்வையை ஒற்றினாள், கோட்டை மட்டும் விட்டுவிட்டு. எவ்வளவு ஜாக்கிரதை என்று அவனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நாலைந்து நாள் இப்படியே போனது. பெண்டாட்டி ஒன்றும் கேட்கவில்லை. கேட்காமல் இருப்பதும் அவளுக்குத் தெரிந்த வித்தைதான்.

பிறகு ஒரு காலையில் அவளை எழுப்பத் தோளைத் தொட்டான். கை சுட்டது. அவள் கண்ணைத் திறக்காமலே, “வெயிலு” என்றாள். வெயில் இன்னும் வந்திருக்கவில்லை. மறுநாள் ஊசி. டாக்டரம்மா உடம்புச் சூட்டைப் பார்க்காமல் நாற்காலியில் உட்கார வைக்கமாட்டாள். அவன் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு தெருவைத் தாண்டினான்.

ஹெட்மாஸ்டர் அலுவலறையில் ஊதுவத்தி ஏற்றிக்கொண்டிருந்தார். வாங்க என்றார். அவன் எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல், சார், கரண்ட் மை தண்ணில போகுமா என்று கேட்டான். லேசில் போகாது என்றார் அவர். நடு ரூம் அண்ணனோடது போகுது சார் என்றான். அவ்வளவுதான் சொன்னான். அதற்குமேல் அவர் கேட்கவும் இல்லை. போனை எடுத்துக் கரண்ட் பிரிவுக்குப் பேசினார். அங்கிருந்து சொன்னதைக் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். வைத்துவிட்டு, நல்லது, உங்க மனைவிக்கு எப்படி இருக்கு என்று விசாரித்தார். காய்ச்சல் என்றதும், ஐயோ பாவம் என்றார். மனதாரத்தான் சொன்னார்.

அவர் நினைத்திருந்தால் போனில் கேட்டதை வைத்தே அனுப்பியிருக்கலாம். ஆனால் விசாரிக்காமல் யாரையும் வெளியேற்றுவது அவர் வழக்கமல்ல. பள்ளிக்கூடத்தில் பையன்களைப் பிரம்பால் அடிக்கும் முன்னாலும் ஏன் அடிக்கிறேன் என்று எல்லார் முன்னாலும் கேட்டுத்தான் அடிப்பாராம். கீழ்க்கூடத்தில் எல்லாரும் பால் குடித்துக்கொண்டிருக்கும் நேரம், நாற்காலி போட்டுக் கண்டக்டரை உட்கார வைத்தார். கண்டக்டர் பெண்டாட்டி பக்கத்தில் நின்றாள். சுமைக்காரனைப் போகவேண்டாம் என்று சொல்லியிருந்தார். அவன் தூணோரம் நின்றான். வாசலில் வேன் உறுமிக்கொண்டிருந்தது.

அவருக்குக் கரண்ட் நடக்கிறதா அம்மா என்று ஹெட்மாஸ்டர் கேட்டார். அவள் புருஷனைப் பார்த்தாள். நடக்குதுங்க சார் என்றாள். நிறுத்திவிட்டதாகச் சொல்கிறார்களே என்றார். இல்லைங்க சார், புண்ணு காயணும்னு விட்டு வச்சிருக்காங்க, கோடு இருக்கு பாருங்க என்றாள். இதைச் சொல்லும்போது அவள் ஹெட்மாஸ்டரைப் பார்த்துக் கண்ணால் கெஞ்சினாள். அந்தக் கண் சொன்னதைத் தூணோரம் நின்றவன் பார்த்தான். ஆனால் அது வேறு கெஞ்சல் என்று நினைத்துவிட்டான். கட்டிலுக்காகக் கெஞ்சுகிறாள் என்று நினைத்தான். ஹெட்மாஸ்டரும் அப்படித்தான் நினைத்தார்.

“அது மிஷின்காரங்க போட்ட கோடு இல்லன்னு சொல்றாங்கம்மா. ஈரத்துணி பட்டா போயிடுமாம்.”

கூடத்தில் பால் குடிக்கிற சத்தம் நின்றது. யார் சொன்னது என்று யாரும் கேட்கவில்லை. எல்லாரும் தூணைத்தான் பார்த்தார்கள்.

முதலில் கோபம் வந்தது கண்டக்டருக்குத்தான். கையை வீசி ஏதோ சொன்னார், காற்றுத்தான் வந்தது. நாற்காலிக் கையை ஓங்கித் தட்டினார். ஆயுசு பூராவும் அடுத்தவன் டிக்கெட்டை வாங்கிப் பார்த்தவர். தன் டிக்கெட்டை ஒருவன் சந்தேகப்பட்டதை அவரால் பொறுக்க முடியவில்லை. கையை நீட்டிச் சுமைக்காரனைக் கூப்பிட்டார். அவன் கிட்டே போனதும் அவன் தோள் துண்டை உருவினார். பக்கத்தில் இருந்த தண்ணீர்த் தம்ளரில் நுனியை முக்கினார். அப்போதுதான் அவர் பெண்டாட்டி வாயைத் திறந்தாள்.

“வேணாங்க. அழிஞ்சா மறுபடி அளக்கணும்.”

அவர் அவளைப் பார்த்துப் பெருமையாகச் சிரித்தார். இவர்களுக்குக் காட்டுகிறேன் பார் என்கிற சிரிப்பு. காதடியிலிருந்து தோள்வரை அழுத்தி ஒரு தேய் தேய்த்துவிட்டு, பாருங்கள் என்று கழுத்தை ஹெட்மாஸ்டர் பக்கம் நிமிர்த்திக் காட்டினார். வெறும் கழுத்து. ஒரு ஓரத்தில் பெருக்கல் குறியின் நீளமான கால் மட்டும் கலங்கி நின்றது.

எல்லார் முகத்தையும் பார்த்துவிட்டு, கடைசியில் கையிலிருந்த துண்டைப் பார்த்தார். ஊதாவாக இருந்தது. அதை விரித்துப் பார்த்தார், திருப்பிப் பார்த்தார். பெண்டாட்டி முகத்தை அவர் பார்க்கவே இல்லை. சுமைக்காரனுக்கு அப்போதுதான் புரிந்தது. இந்த ஆளுக்குத் தெரியாது. டிக்கெட் என்று சிரித்தாரே, நிஜ டிக்கெட் என்று நம்பித்தான் சிரித்திருக்கிறார். டாக்டர் கைவிரித்ததை அவள் அவருக்குச் சொல்லவே இல்லை. புண் காய்ந்ததும் மறுபடி கரண்ட் வைப்பார்கள், கோடு இருக்கும்வரை கரண்ட் உண்டு, கரண்ட் உள்ளவரை பிழைப்போம் என்று அவரை நம்ப வைத்துத் தினமும் காலையில், அவர் கண் விழிக்கும் முன்னால், வரைந்திருக்கிறாள். தினமும் வேனில் கூட்டிப்போய்க் கட்டு மாற்றிக் கூட்டி வந்திருக்கிறாள்.

ஹெட்மாஸ்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். மன்னிக்கணும் அம்மா, எனக்கு வேறு வழி இல்லை, இன்றைக்கே காலி செய்துவிடுங்கள் என்றார். இவ்வளவு நாள் கூடுதலாக இருந்ததற்கு நான் ஒன்றும் சொல்லவில்லை என்றும் சொன்னார். அது தன் பெருந்தன்மை என்று அவர் நம்பினார். பிறகு சுமைக்காரன் பக்கம் திரும்பினார்.

“நடு ரூம் இனிமே உங்களோடது. இவங்க சாமான் மேல இருக்கு, அவரையும் ஒரு தடவை மேல கூட்டிப்போய்க் கட்டு மாத்தி, நீங்களே இறக்கி விட்டுருங்க. உங்களுக்குத்தான் பழக்கம்.”

அவன் தூக்கினான். மேலே போகும்போது தோளில் தட்டு விழவில்லை. கண்டக்டர் பெண்டாட்டி அறையில் துணிகளை மூட்டை கட்டினாள். அவன் பக்கம் திரும்பவில்லை, ஒரு வசவும் சொல்லவில்லை. தலையணை அடியிலிருந்து ஊதாப் பேனாவை எடுத்து, குப்பைக் கூடையில் போடப் போனவள், என்ன நினைத்தாளோ, மூட்டைக்குள்ளேயே செருகினாள். கண்டக்டர் தன் தம்பி தங்கைகளுக்குக் கட்டிக்கொடுத்த வீட்டில் இப்போது அவர்களே இருக்கிறார்கள். இந்த நாற்றத்தை இங்கே கொண்டு வராதே அண்ணி என்று போனில் சொல்லியிருந்தார்கள். இது விடுதியில் எல்லாருக்கும் தெரிந்த கதை. போக இடம் கொட்டகைதான்.

கீழே இறங்கும்போது சுமைக்காரன் படியின் மேலிருந்து பார்த்தான். அவன் பெண்டாட்டி அதற்குள் தெருவைத் தாண்டி வந்து படியின் அடியில் நின்றிருந்தாள். பாய், பிளாஸ்க், மாத்திரைப் பை எல்லாம் கையில். காய்ச்சலில் முகம் கனன்றது. கண் அவன்மேல் இல்லை, அவனைத் தாண்டி மாடியில் இருந்தது. யார் போய்ச் சொன்னார்களோ.

படி திரும்புகிற இடத்தில் கண்டக்டர் ஒரு தட்டுத் தட்டினார்.

அவன் கால் தயங்கியது. தினமும் நின்ற இடம். சுவரில் அவன் தோள் உரசி உரசி எண்ணெய்க் கறைகூடப் படிந்திருந்தது. நின்றால் அவர் மூச்சு அவன் காதில் விழும். நின்றால் பின்னால் வருகிறவள் பக்கத்தில் வந்து நிற்பாள், முகத்தைப் பார்க்க வேண்டியிருக்கும். அவன் நிற்கவில்லை. இறங்கினான்.

இன்னொரு தட்டு. கொஞ்சம் பலமாக. ஒன்றுதான், இரண்டல்ல. கண்டக்டருக்கு எண்ணிக்கை தப்பாது. அடுத்த படியில் இன்னொன்று. அப்புறம் படிக்கு ஒன்றாக, நிறுத்து, நிறுத்து என்று அந்தக் கை தட்டிக்கொண்டே வந்தது. காய்த்துப்போன முதுகு அது. எத்தனையோ மூட்டையின் அடியை வாங்கியது. அவன் பல்லைக் கடித்துக்கொண்டு கடைசிப் படிவரை இறங்கி, வாசலைத் தாண்டி, தெருவைத் தாண்டி, தான் காலி செய்த அட்டையில், அதே ஓரத்தில், அவரை இறக்கி வைத்தான். அட்டையில் இன்னும் அவன் பெண்டாட்டி படுத்த சூடு இருந்தது.

அவன் துண்டை அவர் விடவில்லை. இழுத்துப் பார்த்தான். கெட்டியாகப் பிடித்திருந்தார். வைத்துக்கொள்ளட்டும் என்று வந்துவிட்டான்.

கட்டிலில் சாய்ந்ததும் அவன் பெண்டாட்டி விரிப்பைத் தடவிப் பார்த்தாள். “பஞ்சுடா சாமி” என்றாள். முதலில் அவள் சொன்னது அதுதான். வெந்நீரில் துடைத்து, மாத்திரை கொடுத்து, ஜன்னல் வலையை இறுக்கினான். பொழுது சாய்வதற்குள் காய்ச்சல் இறங்கியது. மறுநாள் டாக்டரம்மா சூட்டைப் பார்த்துவிட்டு, பரவாயில்லையே, இடம் மாறிட்டீங்களா என்று சந்தோஷப்பட்டு ஊசி ஏற்றினாள்.

ஜன்னலுக்கு நேர் எதிரே, தெருவுக்கு அந்தப் பக்கம்தான் கொட்டகை. கண்டக்டர் மறுபக்கம் திரும்பிப் படுத்திருந்தார். பெண்டாட்டி கட்டு மாற்ற வந்தால் கையைத் தட்டிவிட்டார். பால் வைத்தால் வாயை மூடிக்கொண்டார். பேசிப் பேசிப் பார்த்துவிட்டு, ஒருநாள் அவள் அந்த ஊதாப் பேனாவை எடுத்து அவர் கழுத்தருகே கொண்டுபோனாள். டாக்டர் வரச் சொல்லிட்டாங்க என்றோ என்னவோ வாய் முணுமுணுத்தது. அவர் அதைப் பிடுங்கித் தெருவில் எறிந்தார். அதற்குத் தெம்பு எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. பேனாமேல் ஒரு ஆட்டோ ஏறிப் போனது. சுமைக்காரன் ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தான்.

“அங்க என்ன வேடிக்கை? ஜன்னலைச் சாத்து” என்றாள் அவன் பெண்டாட்டி.

“காத்து வரணும்.”

“காத்தா வருது? சாத்து.”

சாத்தினான்.

ஒரு வெந்நீர்ப் பிளாஸ்கையாவது கொண்டுபோய்க் கொடுக்கலாம் என்று நினைத்தான். இரண்டு தடவை பிடித்தும் வைத்தான். விடுதி வெந்நீரை வெளியே எடுத்துப் போகக் கூடாது என்பது ஹெட்மாஸ்டர் உத்தரவு. அதைவிட, தெருவைத் தாண்டி எந்த முகத்தோடு நீட்டுவது. பிளாஸ்க் ஆறிப்போகும், சாக்கடையில் கொட்டுவான். கண்டக்டர் அதிக நாள் இழுக்கவில்லை. ஒரு காலையில் ஆம்புலன்ஸ் வந்து நின்றபோது, கொட்டகையில் இருந்தவர்கள் மூக்கைச் சிந்திக்கொண்டே அந்த ஓரத்து இடத்தைப் பார்த்தார்கள்.

புறப்படும் முன்னால் கண்டக்டர் பெண்டாட்டி தெருவைத் தாண்டி வந்தாள். விடுதி வாசலுக்குள் காலெடுத்து வைக்காமல், கேட்டுக்கு வெளியே நின்று அவனைக் கூப்பிடச் சொன்னாள். அவன் இறங்கிப் போனான். திட்டட்டும், மண்ணை வாரித் தூற்றட்டும் என்று தயாராகத்தான் போனான். அவள் மடித்த துண்டை நீட்டினாள்.

“தொவைச்சுட்டேன் தம்பி. கறை இல்ல.”

அவன் வாங்கினான். அவ்வளவுதான். திரும்பிப் போய் ஆம்புலன்ஸில் ஏறினாள்.

அதற்கடுத்த ஊசியில் அவன் பெண்டாட்டிக்கு வாய் முழுக்கப் புண் வந்தது. மருந்தின் குணம் அது, வந்து போகும் என்றார்கள். நாக்கு, உதடு, தொண்டை எல்லாம் வெந்து, தண்ணீர் விழுங்கவே கண்ணீர் விட்டாள். மண்டியையே அதட்டின வாயிலிருந்து ஒரு சொல் வரவில்லை. துவைத்த அந்தத் துண்டைத்தான் தலைமாட்டில் விரித்திருந்தாள். அவன் வராந்தாவில் உட்கார்ந்திருப்பான். அவனை எப்படிக் கூப்பிடுவது என்று அவளாகவே ஒரு வழி கண்டுபிடித்துக்கொண்டாள். கரண்டியை எடுத்துக் கட்டில் இரும்பில் தட்டினாள். ஒரு தட்டு.

அவன் எழுந்து உள்ளே வந்தான். அப்படித் தட்டாதே என்றான். வேறு எப்படியாவது கூப்பிடு, கையைத் தட்டு, எதையாவது தூக்கி எறி, அப்படி மட்டும் தட்டாதே. ஏன் என்று கேட்க அவளால் முடியவில்லை. குமட்டிக்கொண்டு வந்தது, அவசரம். அவனை முறைத்துக்கொண்டே மறுபடி தட்டினாள். ஒன்று.

அவன் குனிந்து கட்டிலுக்கடியில் இருந்த பேசினை எடுத்தான்.